சனி கிரகத்தின் வளையம்

நம் பழைய தோட்டத்து லயத்து ஆட்களின் கைப்பேசிக் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது, எல்லாரும் பார்த்தீர்கள். பிஸ்கட் டின்னுக்குள் ஒரு கறுத்த பந்து, அதன் இடுப்பைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம். "என்னாலா இது, கருகிப்போன வடையா?" என்று ஒருவர் கேட்டார். "டயரு" என்றார் இன்னொருவர். அனுப்பியவள் என் அத்தை மகள். கடைசியில் அவளே, "சனி கிரகம். மறந்துட்டீங்களா?" என்று எழுதினாள். அதற்கு நீங்கள் போட்ட சிரிப்பு மூஞ்சிகளுக்குக் கணக்கே இல்லை. நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "எல்லாத்துக்கும் மொதல்ல குதிக்கிற ஆளு நீ, எங்க போன?" என்று மறுநாள் என்னை வம்புக்கு இழுத்தீர்கள்.

எங்கும் போகவில்லை. பாரோயில் என் வீட்டு அடுப்படியில், கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோசைக்கல் புகைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு வாய் நீளம் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாக வாயைத் திறக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். நீளமாக இருக்கிறது என்று யாரும் முனகவேண்டாம். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நாம் நாலாம் ஆண்டு படித்த வருடம் அது. ரப்பர் மரங்கள் இலை கொட்டும் மாதங்கள். வருடம் முழுக்க நிழலிலேயே கிடந்த லயத்தின் தகரக் கூரையில் அப்போதுதான் நேர் வெயில் அடிக்கும். காடு முழுவதும் காய்ந்த இலை. ஒரு ஆள் நடந்தால் அரைக் கட்டை தூரத்துக்குக் கேட்கும். ரப்பர் பால் ஸ்டோரில் இருந்து வரும் புளித்த நாற்றம் அந்த வெயிலில் இன்னும் ஏறும். வெளி ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். நமக்கு அது வீட்டு வாசனை.

என் அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் அடுத்த வீட்டில் இருந்தாள். மருந்தடிக்கும் வேலை அவளுக்கு. புல்லுக்கும் லாலான் களைக்கும் அடிக்கிற விஷத்தை மருந்து என்றுதான் நாம் சொல்வோம். எட்டுப் பெண்கள், முதுகில் எட்டுப் பம்புகள். தலையில் துணி, மாமாவின் பழைய முழுக்கைச் சட்டை, கைலி, காலில் பூட்ஸ். பால் வெட்டுகிற வேலையைக் காட்டிலும் இதில் அத்தைக்கு ஒரு லாபம் இருந்தது. பகல் ஒரு மணிக்கே முடிந்துவிடும். பள்ளிவிட்டு மகள் வரும்போது வீட்டில் இருக்கலாம். அதற்காகவே அந்த வேலையை அவள் விடவில்லை. நான் பள்ளிப் பையை எங்கள் வீட்டில் எறிந்துவிட்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் போவேன். என் அம்மா கையில் எப்போதும் விளக்குமாறு இருக்கும். அத்தை ஒரு நாளும் திட்டியதில்லை. இதைச் சும்மா சொல்லவில்லை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா தோட்டத்து லோரி ஓட்டினார். ஒரு சனிக்கிழமை சிரம்பானுக்கு ரப்பர் கட்டு ஏற்றிப் போனவர் மகளையும் கூட்டிப் போனார். சரக்கு இறக்க நேரமாகும், பிள்ளை ஏன் வெயிலில் காயவேண்டும் என்று, தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் சிநேகிதரிடம் அவளை விட்டுவிட்டுப் போனார். உள்ளே ஓடியது ஒரு இங்கிலீஷ் படம், வானத்தில் நடக்கிற சண்டை. பாதிப் படத்தில் மாமா வந்து, லோரியை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறேன் என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். நமக்கோ அன்றைக்கு ஏபிசிடிக்கு மேல் இங்கிலீஷ் தெரியாது. ஆக, பாஷை புரியாத பாதிப் படம். அதை வைத்துக்கொண்டு அவள் நம்மை ஒரு மாதம் ஆட்டிவைத்தாள்.

பால் ஸ்டோருக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். நாம் கீழே. வானத்தில் இரண்டு ராஜாக்கள். ஒருவன் வெள்ளை அங்கி போட்டவன், வளையம் உள்ள கிரகத்தில் இருக்கிறான். அவன் கையைத் தூக்கினால் வெளிச்சம் பாயும். அது நல்ல சக்தி. இன்னொருவன் சூரியனே இல்லாத இருட்டு ஊரில் இருக்கிறான். அவனுக்கு முன்னால் அவனுடைய நிழல் நடந்து வரும். அது கெட்ட சக்தி. வெள்ளை ராஜா கப்பல் கப்பலாக ஆளனுப்பி இருட்டு ஊரைக் கொளுத்துகிறான். அந்த இடத்தில்தான் மாமா உள்ளே வந்துவிட்டார்.

"நெழலு கெட்டதுன்னா, நம்ம அப்பா அம்மால்லாம் நெழல்லதானே வேல செய்யறாங்க?" என்று நான் கேட்டேன்.

"அது மரத்து நெழலுலா. இது வேற" என்றாள்.

என் தங்கச்சிக்கு அப்போது ஐந்து வயது. "அந்த இருட்டு ஊருல சின்னப் புள்ளைங்க இருந்தாங்களா?" என்று கேட்டாள்.

"படத்துல காட்டல."

"இருந்தா அவங்களும் வெந்துடுவாங்களா?"

"நல்லவங்க கொளுத்துனா கெட்டவங்க மட்டும்தான் சாவாங்க. சும்மா இரு" என்று அத்தை மகள் அதட்டினாள். தங்கச்சி அன்றைக்குச் சோறு தின்னாமல் அழுதுகொண்டு கிடந்தாள். அம்மா யார் அடித்தது என்று என்னை அடித்தாள்.

உங்களில் ஒருவர்தான் அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே தெரியும். "மாரியாத்தா அம்மையும் போடுது, எறக்கவும் செய்யுது. அது எந்தப் பக்கம்?" என்றார். "முனியாண்டி சுருட்டு குடிக்கிறாரு, சாராயம் குடிக்கிறாரு. ஆனா எல்லையக் காக்குறாரு. அவரு?" என்று இன்னொருவர். நாம் எல்லாரும் கதைக்காரியைப் பார்த்தோம். அவள் கொஞ்ச நேரம் தொட்டியின் சிமெண்டைச் சுரண்டினாள். "சாமியெல்லாம் அந்தப் படத்துல வராது" என்று முடித்துவிட்டாள்.

ஆனாலும் நாம் ஆட்களைப் பிரித்துக்கொண்டோம். டிரஸர், அதுதான் தோட்டத்துக் கிளினிக்கில் மருந்து கொடுக்கிறவர், வெள்ளைச் சட்டை வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்ததால் நல்ல சக்தி. முனியாண்டி கோயில் பூசாரி தாடி வைத்துக்கொண்டு சுருட்டு நாற்றத்தோடு திரிந்ததால் கெட்ட சக்தி. மண்டோர், வேலை வாங்குகிற கங்காணி, வேலைக்காட்டில் எந்நேரமும் சத்தம் போடுகிறவர், அவரும் கெட்ட சக்தி. டிரஸரைக் கண்டால் நின்று வணக்கம் வைப்போம். பூசாரியைக் கண்டால் ஓடுவோம். பாவம், அந்த மனிதர் ஒரு நாள் புளிப்பு மிட்டாயை நீட்டிக்கொண்டு நின்றார், ஒருத்தரும் கிட்டப் போகவில்லை.

விளையாட்டில் நிழல் ராஜா யார் தெரியுமா? நான். நம் கூட்டத்தில் நான்தான் கறுப்பு. யாரும் கேட்கவுமில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. தினமும் சாயங்காலம் நீங்கள் இலைச் சருகை வாரி என் மேல் கொட்டுவீர்கள், நான் விழுந்து சாகவேண்டும். உங்களுக்கு மறந்திருக்கும். மிதிபட்டவளுக்கு மறக்குமா? எனக்கு ஒரே ஆசை, வெள்ளைப் படையில் சேரவேண்டும்.

கடைசிச் சண்டைக்கு ஒரு கிரகம் செய்யவேண்டும் என்று அத்தை மகள் சொன்னாள். மரத்து வெட்டில் காய்ந்து நாராக ஒட்டியிருக்கும் பாலை ஆளுக்குக் கொஞ்சம் உரித்துக்கொண்டு வந்தோம். அதைச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கினாள். கீழே போட்டால் கூரை வரை எழும்பும். ஆனால் வளையம் இல்லை. வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் வளையம் உள்ள கிரகத்துக்குக் கீழே சனி என்று எழுதியிருந்தது. அதில் ஒரு சண்டை. "எங்கம்மா சனிக்கு எள்ளு வெளக்கு போடுறாங்க, புடிக்கக் கூடாதுன்னு. அங்கேருந்து நல்லவன் எப்படிலா வருவான்?" என்று கேட்டீர்கள். "வளையம் இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன்" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். பிறகு எல்லாரையும் பார்த்துச் சொன்னாள். "யாரு வளையம் கொண்டு வர்றாங்களோ, அவங்கதான் வெள்ளப் படைக்குத் தலைவரு."

அன்று திங்கட்கிழமை. மருந்துப் பம்புகளை ஒரு மணிக்குக் கழுவி, மூடியைத் திறந்து, ஸ்டோர் ஓரத்தில் வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்கள். மூடிக்குள்ளே ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். பெண்கள் அதை வாசர் என்பார்கள். பந்துக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது. எட்டுப் பம்பு, எட்டு மூடி. ஒவ்வொன்றிலும் ஆளுக்கொரு பெயிண்ட் புள்ளி. அத்தையுடையது மஞ்சள். நான் தெரியாமல் எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். மற்ற ஏழு பேரில் யாருடையதை எடுத்தாலும் மாட்டினால் அடி விழும். அத்தை திட்டமாட்டாள். அதனால் மஞ்சள் புள்ளி மூடியில் இருந்து நகத்தால் நெம்பி எடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வெள்ளைப் படைக்குத் தலைவி. எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ கிடைத்தது, வேலை, வீடு, பிள்ளைகள். அந்தச் சாயங்காலம் மாதிரி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை பள்ளிவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். அத்தை மகள் கடைக்குப் போயிருந்தாள். அத்தை பின்பக்கத்துக் குளியல் கல்லில் உட்கார்ந்திருந்தாள். "குட்டி, இங்க வா. முதுகு எரியுது, கொஞ்சம் எண்ண தேச்சு விடு" என்றாள். சட்டையை இறக்கிக் காட்டினாள். பம்பின் வார் அறுத்த இடத்தில் ஏற்கெனவே ஒரு புண் இருந்தது. இப்போது அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து வழன்றிருந்தது. தேங்காயெண்ணெயைத் தொட்டு வைத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, பள்ளியில் என்ன பாடம் என்று கேட்டாள்.

எண்ணெய் தேய்க்க இரண்டு கையும் வேண்டும் என்று பந்தைக் கல்லின் மேல் வைத்திருந்தேன். அத்தை திரும்பும்போது அதைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையத்தைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இது என்னா?"

"சனி கிரகம், அத்த. நல்ல ராஜா இருக்குற எடம்."

"வளையம் அழகா இருக்கு" என்றாள். அப்புறம் பந்தை என் மடியில் வைத்தாள். "வெளாண்டு முடிச்சிட்டு எடுத்த எடத்துல வச்சிரு, என்னா?"

"சனிக்கெழம கடைசிச் சண்ட இருக்கு, அத்த."

"சரி. சனிக்கெழம வரைக்கும் நான் மூடிக்குத் துணி கட்டிக்கிறேன். மண்டோருகிட்ட யாரும் போய் சொல்லிடாதீங்க, அவரு ஒன்னத்தான் புடிப்பாரு."

இவ்வளவுதான் பேச்சு. சட்டையை ஏற்றிக்கொண்டு உள்ளே போய் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். அந்த மருந்து தோல் வழியாக உள்ளே இறங்கும் என்று அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அந்தப் பெண்கள் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு சோறு தின்றவர்கள்.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. இலை கொட்டும் மாதத்தில் அப்படி ஒரு மழை. சண்டையை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். நான் வளையத்தைத் திருப்பி வைக்கவில்லை. ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதைக்கூட நினைக்கவில்லை. தலைவி பட்டம் போய்விடுமே என்று மட்டும் நினைத்தேன்.

திங்கட்கிழமை அத்தை வாயெல்லாம் புண் என்று கஞ்சி மட்டும் குடித்தாள். டிரஸர் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "வெயில் சூடு. தண்ணி நெறைய குடிங்க" என்று குடிக்க வெள்ளை மிக்சரும் தடவக் களிம்பும் கொடுத்தார். அவர் முதுகைக் கேட்கவில்லை, அத்தையும் காட்டவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனாள். வேலை முடிந்து ஸ்டோருக்கு வருகிற வழியில், முனியாண்டி கோயில் மரத்தடியில் பம்பை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். நான் பள்ளிவிட்டு அந்த வழியாகத்தான் வந்தேன். அவள் முதுகுச் சட்டை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. மூடியில் கட்டிய துணியில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "மூச்சு வாங்குது குட்டி. யாரையாச்சும் கூப்புடு" என்றாள். ஓடினேன். பெண்கள் வந்து இருபக்கமும் தாங்கிக் கொண்டுபோனார்கள்.

முனியாண்டி மரத்தடியில் உச்சி நேரத்தில் பெண்பிள்ளை உட்கார்ந்தால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? காத்து கருப்பு அடித்துவிட்டது என்று லயமே சொன்னது. என் அம்மா என்னைப் பிடித்து நிறுத்தினாள். "நீதானே மொதல்ல பாத்த. அங்க என்னா பாத்த? சொல்லு." சுற்றிலும் ஆட்கள். மண்டோரும் நின்றார். நான் பார்த்தது சொட்டுகிற மூடி. அதைச் சொன்னால் வாசர் எங்கே என்று கேட்பார்கள்.

"நெழலு" என்றேன். "கறுப்பா ஒரு நெழலு அத்தைக்கு முன்னால நடந்து வந்துச்சு."

ஒரு மாதமாகக் கேட்ட கதை. வாயில் தயாராக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பூசாரியைக் கூட்டிவந்தார்கள். நாம் கெட்ட சக்தி என்று பேர் வைத்தோமே, அந்த ஆள். எலுமிச்சம்பழமும் விபூதியும் எடுத்துக்கொண்டுதான் வந்தார். அத்தை மூச்சு விடுவதை ஒரு ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். என் அம்மாவிடம், "முதுகக் காட்டச் சொல்லுங்கம்மா" என்றார். கிட்டப் போய் முகர்ந்தார். எழுந்து விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இது முனியாண்டி வேல இல்ல. மருந்து. நானும் ரெண்டு வருசம் அடிச்சிருக்கேன், எனக்கு இந்த வாட தெரியும். நிக்காதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க."

"புள்ள கண்ணால பாத்திருக்கு சாமி" என்றார் என் அப்பா.

பூசாரி என் பக்கம் திரும்பினார். குனிந்து, மெதுவாகத்தான் கேட்டார். "நெசமா பாத்தியாம்மா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு, "ஆமா, நெழலு" என்றேன். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். பூசாரி மாட்டேன் என்றதால் வேறு ஆளை வைத்து, மறுநாள் காலையில் மரத்தடியில் சேவல் அறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் மாமா லோரியை எடுத்தார். ஒரு ராத்திரியும் அரைப் பகலும் என் வாய்ச்சொல்லால் போனது.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை மேலே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் அத்தை மகளையும் லோரியில் கூட்டிப்போனார். கிளம்பும் முன் பந்தில் இருந்து வளையத்தைக் கழற்றிப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அத்தையிடம் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று உறுதியாக நம்பினேன். மாடிப்படிக்குக் கீழே காவலுக்கு நின்ற ஜாகா நிறுத்திவிட்டார். எவ்வளவு அழுதும் விடவில்லை. இரண்டு பேரும் செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் நின்றோம். மேலே எந்த ஜன்னல் என்றும் தெரியவில்லை. பைக்குள் கையை விட்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அடுத்த வியாழக்கிழமை அத்தை இறந்துவிட்டாள்.

பத்து நாளுக்குள் புதுப் பம்புகள் வந்தன. எடுத்த இடத்தில் வைக்கலாம் என்று நான் ஸ்டோருக்குப் போனபோது வரிசையாகச் சிவப்பு மூடிகள். மஞ்சள் புள்ளியைக் காணோம். பழைய பம்புகளை மந்தின் டவுன் பக்கத்துக் காயலான் கடைக்காரர் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். மண்டோர் அங்கே ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "ஒங்க அத்த வந்து வாசர் இல்லன்னு சொன்னிச்சு. ஆபீசுல கேட்டிருக்கேன், வர்ற வரைக்கும் துணி கட்டிக்கன்னு நான்தான் சொன்னேன். நான்தான் போகச் சொன்னேன்" என்றார். ஆபீசில் அவர் மூன்று தடவை கேட்டிருக்கிறார் என்பது பிறகு தெரிந்தது. புதுப் பம்பு வேண்டும் என்று டிரஸரும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வாசர் என் பையில் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் அழுதார். நான் ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவரை நம் பெரியவர்கள் கொலைகாரன் என்றார்கள். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு யாரும் போகவில்லை. அவர் போனால் முதுகுக்குப் பின்னால் துப்பினோம், நினைவிருக்கிறதா? எல்லாரோடும் சேர்ந்து நானும் துப்பினேன். ஒரு வருடத்தில் குடும்பத்தோடு தோட்டத்தை விட்டுப் போனார். லோபாக்கில் எங்கேயோ காவல் வேலை பார்த்துச் செத்தார் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

கருமாதி அன்றைக்கு அத்தை மகள் கதையை முடித்தாள். நாம் யாரும் கேட்கவில்லை. அவளாகவே தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தாள். "வெள்ள ராஜாவுக்குத் தெரியாது. இருட்டா இருக்கேன்னு வெளிச்சம் போட்டுப் பாத்தான், அவ்வளவுதான். அந்த ஊருக்காரங்களுக்கு வெளிச்சம் ஆகாது. வெந்துட்டாங்க" என்றாள். "அப்ப அவன் நல்லவனா கெட்டவனா?" என்று தங்கச்சி கேட்டாள். "படத்துல காட்டல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நான் வளையத்தைப் பந்தில் மாட்டி அவளிடம் கொடுத்துவிட்டேன். வேறு எங்கே வைப்பது?

இன்று பிள்ளைகள் பார்க்கும் வானத்துச் சண்டைப் படங்களில் கெட்டவனுக்கும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். என் மகன் உட்கார்ந்து எனக்கு விளக்குவான். அவன் மருந்துக் கடையில் வேலை செய்கிறவன். ஒரு நாள் யாருக்கோ நடந்ததுபோல் அவனிடம் கேட்டுப் பார்த்தேன். "அந்த வெஷத்துக்கு முறிவு கெடையாதும்மா, இன்னைக்கும் கெடையாது. புண்ணு மேல பட்டா ரொம்ப மோசம். ஒரு நாள் முந்திப் போயிருந்தாலும் பொழைக்கிறது கஷ்டம்" என்றான். அப்பாடா என்று இருந்தது. உடனே, "மொதல்லயே லீக் ஆகாம இருந்திருந்தா?" என்று கேட்டேன். "அது வேற" என்றான். பழைய பம்புகள் எட்டுமே ஒழுகின என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். இருக்கலாம். மற்ற ஏழு பேர் செத்துப்போகவில்லை. இப்படித்தான் எனக்குள் வருடக்கணக்காக வழக்கு நடக்கிறது, தீர்ப்பு சொல்ல ஆள் இல்லை.

நீங்கள் சிரித்து முடித்த மறுநாள் சாயங்காலம் அத்தை மகள் என்னைக் கூப்பிட்டாள். வெகு நாளைக்குப் பிறகு குரல் கேட்கிறேன். முட்டிவலி, பேரன் பேத்தி, மழை எல்லாம் பேசினோம்.

"பந்து பிசுபிசுன்னு உதிருதுடி. வளையம் மட்டும் கல்லாட்டம் ஆயிருச்சு, ஆனா ஒடையல" என்றாள். "அத எங்கேருந்து எடுத்தோம்? ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லியே" என்றேன். ஐம்பத்தாறு வயதில், அதே வாய்.

அவள் வீட்டுத் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி அம்மா என்ன கிட்டக் கூப்ட்டுச்சு. பேச முடியல, காதுலதான் சொன்னிச்சு. அவ வெளாண்டு முடிச்சிட்டு எடுத்த எடத்துல வச்சிருவா, நீ ஒண்ணும் கேக்காதன்னு" என்றாள். "நானும் இத்தன வருசமா கேக்கல. சொல்லு, எப்ப வந்து எடுத்துக்குற?"

அவள் குரலில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். நம் ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது வரிசை வரிசையாக இரண்டு மாடி வீடுகள். அத்தை சொன்ன இடம் எந்த வீட்டுக்குக் கீழே இருக்கிறது என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். அத்தை மகளும் இந்தக் குழுவில் இருக்கிறாள், படிப்பாள். இன்று வெள்ளிக்கிழமை.